உறை கிழிக்காத கார்

முதலில் சத்தம்தான் வந்தது. பெரிய இரும்புச் சட்டியைக் கருங்கல்லின் மேல் போட்டு யாரோ இழுக்கிற மாதிரி ஒரு கர்ர்ரக், ஊருணித் திருப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்து. பிறகு கொஞ்சம் அமைதி. பிறகு "ஐயோ" என்று ஓர் ஆண்குரல், பெற்ற பிள்ளை கிணற்றில் விழுந்தால் எழும்புமே அப்படியொரு குரல். பல் துலக்கிய நுரையோடும், பாதி மழித்த கன்னத்தோடும், கையில் காப்பித் தம்ளரோடும் நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, வேகத்தடையில் அடிவயிறு தட்டி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல், வெள்ளை வெளேர் என்று நின்றுகொண்டிருந்தது பொன்னுலிங்கத்தின் புதுக் கார். சம்பங்கி மாலையும் சந்தனப் பொட்டுமாக அது மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்க, அவர் வெள்ளை வேட்டியோடு தார் ரோட்டில் குப்புறப் படுத்து அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க, பாரம் குறைஞ்சாத்தான் தூக்கும்" என்று அவர் கிடந்தபடியே சொல்ல, உள்ளேயிருந்து அவர் மனைவி தங்கபுஷ்பம் இறங்கினாள், அவருடைய இரண்டு தங்கச்சிமார் இறங்கினார்கள், பூசைக்கு வாங்கிய தேங்காய் மூட்டை இறங்கியது. கார் நாலு விரற்கடை எழும்பி, தடையைத் தாண்டி, எங்கள் ஊருணிக்கரைத் தெருவுக்குள் வந்தது. அப்போதுதான் அந்த வாசம் முதன்முதலாக எங்கள் மூக்கில் பட்டது. பசையும் ரப்பரும் பாலித்தீனும் கலந்து, தோல் என்றால் தோல் இல்லை, துணி என்றால் துணி இல்லை என்று ஒரு வாசம். யாரும் இன்னும் தொடாத பொருளுக்கு மட்டும் இருக்கிற வாசம். நாங்கள் எல்லோரும் ஒருதரம் ஆழமாக இழுத்துக்கொண்டோம். இப்போது நினைத்தால் சீ என்றிருக்கிறது.

பொன்னுலிங்கம் இருபத்துமூன்று வருஷம் தூத்துக்குடியில் ஓர் உப்பள முதலாளிக்குக் கார் ஓட்டியவர். அந்த இருபத்துமூன்று வருஷத்தில் முதலாளி ஏழு கார் மாற்றினார். ஏழும் வந்த அன்று அந்த வாசத்தை முதலில் மோந்தவர் இவர். ஏழிலும் ஆறே மாதத்தில் அது செத்துப்போனதைப் பார்த்தவரும் இவர். முதலாளியம்மாவின் தலைவலித் தைலம், பேரப்பிள்ளை கக்கிய பால், கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரசம் என்று ஏதாவது ஒன்று வந்து அதைத் தின்றுவிடும். பின்ஸீட்டில் ஒருநாள்கூட அவர் உட்கார்ந்ததில்லை. அதனால்தான் சொந்தமாக வாங்கும்போது, குட்டிக் கார் போதுமே அண்ணாச்சி என்று சொன்ன அத்தனை பேரிடமும், "பின்னால டிக்கி நீட்டிக்கிட்டு இருக்கணும்வே. அதுதான் கார். மத்ததெல்லாம் கதவு வச்ச ஆட்டோ" என்று சொல்லிவிட்டு, நீளமானதாகப் பார்த்து எடுத்தார்.

எங்கள் தெரு மாட்டுவண்டிக்கு அளந்து போட்ட தெரு. கார் மூக்கு பொன்னுலிங்கத்தின் வாசலில் இருந்தால் டிக்கி அய்யாத்துரை டெய்லரின் வாசலில் கிடக்கும். டெய்லர் வீட்டு ஆட்கள் அதை உரசாமல் வெளியே வர வயிற்றை எக்கிக்கொண்டு ஒருக்களித்து நடக்கப் பழகினார்கள். வண்டியைப் பின்னால் எடுக்கிற நேரம் அது தானாக ஒரு பாட்டுப் பாடும். பாட்டைக் கேட்டதும் தெருவில் உள்ள ஆம்பிளைகள் எல்லோரும் எழுந்துவந்து நாலு பக்கமும் நின்று, "வரலாம் வரலாம்" என்று ஒருவரும் "நில்லும்வே" என்று ஒருவரும் ஒரே நேரத்தில் கையாட்டுவோம். காலையில் காக்காய் எச்சம், மத்தியானம் பானெட்டின் சூட்டில் பூனை, சாயங்காலம் நாலு டயருக்கும் முறை வைத்துக் காலைத் தூக்குகிற நாய். ஈரத்துணியும் கையுமாக அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், புதுச் சாமிக்கு வாய்த்த பூசாரி மாதிரி. போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஆளுக்கொரு கேள்வியை அவர் தலையில் போட்டுவிட்டுப் போனோம்.

"எவ்ளோ குடுக்கு அண்ணாச்சி லிட்டருக்கு?"

"வெள்ளை எடுத்துட்டீகளே, அழுக்குப் பிடிக்குமே."

"எங்க மச்சினன்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இதுக்கும் மேல ஒண்ணு முடிச்சுக் குடுத்திருப்பான்."

எதற்கும் அவர் கோபப்படவில்லை. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். ஸீட்டின் மேலிருந்த பாலித்தீன் உறையை யாரும் தொடக்கூடாது. குலதெய்வம் ஆலடிச் சாஸ்தா கோயிலுக்குக் காரைக் கொண்டுபோய், பங்காளிகள் கூடி, எலுமிச்சம்பழம் நாலு டயரிலும் நசுங்கி, சாமி முன்னால்தான் உறையைக் கிழிக்க வேண்டும் என்பது அவர்கள் வகையறா வழக்கம். டிராக்டர் வாங்கினாலும் மிக்ஸி வாங்கினாலும் அப்படித்தான். வருகிற வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்து, கிடாய்க்கும் சொல்லியாகிவிட்டது. அதுவரைக்கும் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாலித்தீனில் வழுக்கி வழுக்கி, வேர்த்த தொடை ஒட்டிப் பிய்கிற சத்தத்தோடு உட்கார்ந்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

கார் வந்த மூன்றாம் நாள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் இந்துஜாவுக்கு, மூன்று வாரம் முந்தியே வலி எடுத்தது. வயிற்றை அறுத்துப் பெண்பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை நல்ல எடை, நல்ல குரல், பிறந்த மூன்றாம் மணியிலிருந்து அட்டை மாதிரி கடித்துப் பால் குடித்தது. சாஸ்தா கோயில் பூசாரி போனில் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சம்பந்தகாரர் வீட்டுப் பிள்ளைன்னாலும் உங்க வீட்டுலதான கிடக்கப் போகுது. முப்பது நாள் தீட்டு. அது கழிஞ்சு வாங்க."

ஆக, உறையும் முப்பது நாளைக்கு அப்படியே இருக்கும் என்றாகிவிட்டது.

ஏழாம் நாள் பொன்னுலிங்கம் மகளையும் பேத்தியையும் அழைத்துவரப் போனார். பாலித்தீனுக்கு மேல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் பழைய பேப்பர், அதற்கு மேல் பெட்ஷீட், அதற்கு மேல் மகள். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் தெருவுக்குப் பதினோரு வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் காரை நிறுத்தி, "ஒரு நிமிஷம் இறங்கும்மா, அடி தட்டும்" என்றார். வயிற்றில் தையலோடும் கையில் ஏழு நாள் பிள்ளையோடும் அந்தப் பெண் பதினோரு தடவை இறங்கி, பதினோரு தடையை நடந்து தாண்டி, பதினோரு தடவை ஏறினாள். கடைசித் தடையில் அதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். "பொறுப்பான மனுஷன், வண்டியை எப்படி வச்சிருக்காரு பாரு" என்றும் சொன்னோம்.

அதற்குள் வாசம் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தது.

முதலில் அது பொன்னுலிங்கத்தின் சட்டையில் இருந்தது. பிறகு அவர் வீட்டுத் தலையணையில். பிறகு தங்கபுஷ்பம் வைக்கிற குழம்பில். எட்டாம் நாள் டெய்லர் வீட்டு இட்லியில் இருந்தது. பத்தாம் நாள் பூக்காரி கொண்டுவந்த பிச்சிப்பூ தெருமுனையைத் தாண்டியதும் பிச்சி வாசத்தை உதறிவிட்டுப் புதுக் கார் வாசத்தைப் பூசிக்கொண்டது. பிள்ளையார் கோயில் திருநீறு அப்படி மணந்தது, தண்ணீர்க் குழாய் அப்படி மணந்தது, மழை வருமுன் கிளம்புகிற மண்வாசம் அப்படி மணந்தது, ஆம்பிளைகளின் அக்குளும் பொம்பிளைகளின் கூந்தலும் அப்படி மணந்தன. ஆறு மாதத்தில் சாகவேண்டியது இந்தத் தடவை சாகவில்லை, வளர்கிறது என்று பொன்னுலிங்கம் கண்கலங்கச் சொன்னார். ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வருகிற லட்சுமியிடம் எந்த ஊர், என்ன சாதி என்றா கேட்பார்கள்?

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அய்யாத்துரை டெய்லர் 'புது வாசத் தையலகம்' என்று பலகை எழுதி மாட்டினார். அவர் தைத்த சட்டை எத்தனை துவைத்தாலும் அந்த வாசம் போகாது என்று பக்கத்து ஊர்களிலிருந்து மாப்பிள்ளைச் சட்டைக்குத் துணி வந்தது. முனையிலிருந்த டீக்கடையில் 'கார் டீ' போட்டார்கள். பத்து வருஷமாகக் கல்யாணம் தட்டிப்போன பெண்களைப் பார்க்க ஆட்கள் வந்து, வாசலிலேயே மூச்சை இழுத்து, "வசதியான தெருதான்" என்று தலையாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பலவேசம் தாத்தா செத்தபோது மும்பையிலிருந்து மகன் வருகிறவரைக்கும் இரண்டு நாள் ஐஸ் பெட்டி இல்லாமல் நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. மகன் வந்து குனிந்து முகத்தோடு முகம் வைத்துவிட்டு, "அப்பா, இப்பத்தான் ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கீங்களே" என்று கதறினான். மூக்கின் கீழே நெளிந்துகொண்டிருந்ததை எங்களில் ஒருவர் துண்டால் துடைத்துவிட்டார். வாசம் நன்றாக இருந்ததால் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

சாக்கடை நாறாததால் அள்ளச் சொல்லி யாரும் நகராட்சிக்குப் போகவில்லை. அது திரிந்து, கட்டியாகி, மேலே வெள்ளைப் புழு மேய்ந்தது. கெட்டுப்போன குழம்பு கெட்டது தெரியாமல் வயிற்றுக்குள் போய் வாந்தியாக வெளியே வந்தது. வாந்தியும் புதுக் கார் மாதிரியே மணந்தது. நாய்களுக்கு எது தன் கம்பம், எது அடுத்தவன் கம்பம் என்று தெரியாமல் பகலெல்லாம் கடித்துக்கொண்டு புரண்டன. செவலைப் பசு ஒன்று தன் கன்றை மோந்து பார்த்தது, இன்னொரு தடவை மோந்து பார்த்தது, பிறகு பின்காலால் உதைத்துத் தள்ளிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டது.

இந்துஜாவின் பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலத்திலிருந்து பால் குடிக்கவில்லை.

மார்பில் வாயை வைத்தால் மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கேயோ தேடும். தாய் எங்கே, இது யார் வேறே என்கிற மாதிரி தேடும். பால் கட்டிக் கல்லாகி இந்துஜாவுக்குக் காய்ச்சல் வந்தது. பீய்ச்சிச் சங்கில் ஊற்றினால் கடைவாயில் வழியவிட்டது. பால்பவுடர் டின்னைத் திறந்தார்கள். அதுவும் டின்னுக்குள்ளேயே புதுக் கார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். வாசம் இந்துஜாவின் முடியிலும் துணியிலும் தோலிலும் ஏறிக் கூடவே போய், வார்டில் இன்னும் நாலு பிள்ளைகள் பாலை மறந்தன. அந்த நாலு தாய்மாரும் சண்டை பிடித்து இவர்களைக் கிளப்பி அனுப்பினார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தார். பெண்டாட்டியின் கழுத்தோரம் குனிந்து, "செமையா இருக்கு இந்து, நம்மளும் இதே மாடல் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பின்னால் அவள் அழக்கூட இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

குளுக்கோஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டு நாலு நாள் ஓடியது. பிள்ளையின் தொடை, தண்ணீர் வற்றிய பீர்க்கங்காய் மாதிரி சுருங்கியது. தினமும் தராசோடு வருகிற நர்ஸ் பிரேமா சிஸ்டர் தங்கபுஷ்பத்தைத் தனியே கூப்பிட்டு, "யக்கா, ஒளிக்காமச் சொல்றேன். இப்படியே போனா மூணு நாள். அதுக்கு மேல தாங்காது" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி, மந்திரிக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போன தங்கபுஷ்பம், தெருமுனைக்கு அப்பால் புளியமரத்தடியில் சகாயராணியைப் பார்த்தாள். சகாயராணி வேம்பாரிலிருந்து முதல் பஸ்ஸில் மீன்கூடையோடு வருகிறவள். பதினைந்து வருஷமாக எங்கள் தெருவுக்குள் வந்தவளை, ஒரு வாரத்துக்கு முன்னால் நாங்கள்தான், "உள்ள வராத, நாத்தம் தாங்கல" என்று முனையில் நிறுத்திவிட்டோம். அந்த வாசம் எல்லாவற்றையும் தின்றது, அவள் கூடையை மட்டும் தொடவில்லை. உப்பிலும் கவிச்சியிலும் அதற்கு என்ன பயமோ.

தங்கபுஷ்பம் அவளைக் கடக்கும்போது துணிக்குள்ளிருந்த பிள்ளை தலையைத் திருப்பியது. வாயைத் திறந்தது. கரையில் போட்ட மீன்குஞ்சு மாதிரி திறந்து திறந்து மூடியது.

"மதினி, நில்லுங்க. பிள்ளை கூடையத்தான பாக்கு."

"பிறந்து முழுசாப் பதினஞ்சு நாள் ஆகல. கூடைய எங்க பாக்க?"

"கண்ணா பாக்கும்? மூக்குதான்." சகாயராணி எழுந்து வந்து பிள்ளையின் உச்சியை மோந்தாள். முகம் கோணியது. "என்ன மதினி இது, உச்சி மணக்கலியே! கடையில எடுத்த பொம்மை கணக்கால்லா இருக்கு. இதுக்குத் தாய் எதுன்னு எப்படித் தெரியும்? தாய்க்குத்தான் இது எதுன்னு எப்படித் தெரியும்?"

அவள் செதில் ஒட்டிய சுண்டுவிரலைச் சேலையில் துடைக்காமலே பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை பிடித்துக்கொண்டு இழுத்தது. தங்கபுஷ்பம் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கபுஷ்பம் மடியில் கட்டி ஒளித்துக் கொண்டுவந்த கால்கிலோ சாளைமீனைக் கழுவிய தண்ணீரை அன்று சாயங்காலம் இந்துஜா மார்பில் பூசிக்கொண்டாள். குமட்டிக்கொண்டுதான் பூசினாள். பிள்ளை வந்து கவ்வியது. நாலு மடக்குக் குடித்தது. அதற்குள் வாசலில் நின்ற காரிலிருந்து வாசம் ஜன்னல் வழியே ஓர் அலை ஏறி வந்து மீன்தண்ணீரை மூடிவிட்டது. பிள்ளை விட்டுவிட்டுத் திரும்பவும் தேட ஆரம்பித்தது.

தங்கபுஷ்பம் கையைக் கழுவாமலே வெளியே வந்து புருஷன் முன்னால் நின்றாள். அவர் கண்ணாடியில் ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாவியக் குடுங்க. உறையக் கிழிச்சிருவோம்."

"இன்னும் பதினாறு நாள் புஷ்பம். பதினாறே நாள்."

"மூணு நாளைக்கு மேல தாங்காதுங்காங்க சிஸ்டர்."

"நான் என்ன, பிள்ளை வேண்டாம்னா சொல்லுதேன்? சாஸ்தா முன்னாலதான் கிழிப்பேன்னு வேண்டியாச்சு. வாக்கு மாறினா அந்தப் பிள்ளைக்குல்லா வந்து விடியும்? அதுக்காகத்தான பயப்படுதேன்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி எங்களுக்குத் தெரியும். மூக்கை வைத்துக்கொண்டு நாங்களும் அந்தப் பாதியில்தான் இருந்தோம். அதனால்தான் சத்தம் கேட்டு அவள் பக்கம் நிற்கப் போன நாங்கள், எப்படியோ கார் பக்கம் போய் நின்றோம்.

"மதினி, அவசரப்படாதீக" என்றார் அய்யாத்துரை டெய்லர். "எட்டுக் கல்யாணத்துச் சட்டை கையில கிடக்கு. வாசம் போச்சுன்னா நான் என்ன பதில் சொல்ல?"

"சங்குல ஊத்துங்க யத்தே. நாங்கள்லாம் சங்குல வளந்தவங்கதான."

"துணி கிழிஞ்சா தச்சிரலாம். சாமி குத்தத்தத் தைக்க முடியுமா?"

தங்கபுஷ்பம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். வாழைப்பழத்தை உரித்து உள்ளே அழுகலைக் கண்டால் பார்ப்பார்களே, அப்படி. உள்ளே போய்விட்டாள். பொன்னுலிங்கம் அன்றிலிருந்து சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

மறுநாள் காலை பத்து மணி வெயிலில் இந்துஜா பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா, பிள்ளைக்கு வேர்க்குது. கொஞ்ச நேரம் ஏசியில உக்காந்துக்கிடவா?"

பொன்னுலிங்கத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கார் வந்து இத்தனை நாளில் அவர் வீட்டு ஆள் ஒருத்தர் தானாகக் கேட்டு ஏற வந்தது அதுதான் முதல் தடவை. அரைஞாண் முடிச்சை அவிழ்த்துச் சாவியோடு ஓடிப்போய்த் திறந்தார். பேப்பர் விரித்தார். "செருப்பக் கழத்திட்டு ஏறும்மா. தலை தட்டும், குனிஞ்சுக்கோ" என்று, முதலாளியம்மாவுக்குப் பிடித்த மாதிரியே கதவின் மேல்விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை மூன்றில் வைத்து, டேஷ்போர்டுச் சாமியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அந்த நேரம் பார்த்து மறுபக்கக் கதவு வழியாகத் தங்கபுஷ்பம், பழைய சேலையால் மூடிய வாளியோடு ஏறினாள். துவைக்கிற துணியாக்கும் என்று நாங்கள் நினைத்தோம். நாலு கதவும் சாத்திக்கொண்டன. 'டக்' என்று பூட்டும் விழுந்தது.

கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். தங்கபுஷ்பம் தாலிச் செயினில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, பல்லால் விரித்து, ஸீட்டின் தலைமாட்டில் குத்திக் கீழே இழுத்தாள். பாலித்தீன் கிழிகிற சத்தம், மூடிய காருக்குள்ளிருந்தும், தெரு முழுக்கக் கேட்டது. பின்ஸீட்டு உறை, முன்ஸீட்டு உறை, கதவில் ஒட்டியிருந்தது, மிதியடியில் சுற்றியிருந்தது எல்லாவற்றையும் கிழித்துக் காலடியில் போட்டு மிதித்தாள். பிறகு வாளியைத் திறந்தாள். விடிகாலையில் புளியமரத்தடிக்குப் போய்ச் சகாயராணியிடம் சொல்லிவைத்து வாங்கியிருக்கிறாள். சாளைக் குடலும், செவுளும், செதிலும், ரத்தம் சுண்டிய தண்ணீரும் வாளி நிறைய. பின்ஸீட்டில் கொஞ்சம், பக்கத்து ஸீட்டில் கொஞ்சம், கடைசியில் ஓட்டுகிறவர் ஸீட்டில் மீதி அத்தனையும், நிதானமாக, கோலத்துக்குச் சாணி தெளிக்கிற கையோடு ஊற்றினாள். குடல் ஒன்று கியர் கம்பியில் மாலையாகத் தொங்கியது. ஏசி காற்று அதை மெல்ல ஆட்டியது.

பொன்னுலிங்கம் கண்ணாடியைத் தட்டினார். அந்த நேரத்திலும் விரல் கணுவால், மெதுவாக, கீறிவிடக்கூடாதே என்று தட்டினார். தட்டிய இடத்தைத் துண்டால் துடைத்தார். திரும்பவும் தட்டினார், திரும்பவும் துடைத்தார். "புஷ்பம். ஏ புஷ்பம். அது ஒரிஜினல் துணி புஷ்பம்" என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. மகள் பக்கம் திரும்பி முந்தானையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பிள்ளையின் அழுகை, எறும்பு அழுகிற மாதிரி சன்னமாக வெளியே கசிந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

நின்றதும் பொன்னுலிங்கம் காருக்கு இன்னும் கிட்டப் போனார். குனிந்து, எண்ணெய் வழிகிற காதையும் கன்னத்தையும் கண்ணாடியில் அழுத்தி வைத்தார். நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். எஞ்சின் உறுமலுக்கு அடியில், ஏசி இரைச்சலுக்கு அடியில், அவருக்கு மட்டும் அந்த மடக்குச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். உதட்டை அசைத்து ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். நாலு. ஐந்து. ஆறு. ஏழாவது மடக்குக்கு அவருக்குக் கண் முட்டிவிட்டது. கண்ணாடியில் முகம் பட்ட இடத்தில் பெரிய எண்ணெய்க் கறை. துடைக்கவில்லை.

தங்கபுஷ்பம் ஜன்னலை இரண்டு விரல் இறக்கினாள்.

வெளியே வந்தது கவிச்சி. தெருவின் மேல் அது ஒருமுறை புரண்டது. புரண்ட இடத்திலெல்லாம் புது வாசம் பிய்ந்து விழ, அதன் அடியில் இத்தனை நாள் மூடிக்கிடந்தது அத்தனையும் எழுந்து வந்தது. சாக்கடை எழுந்தது. செத்த பெருச்சாளி எழுந்தது. பலவேசம் தாத்தாவைக் கிடத்தியிருந்த பாய் எழுந்தது. கெட்ட குழம்பு, குளிக்காத அக்குள், கக்கூஸ், டீக்கடையின் புளித்த பால், எங்கள் ஒவ்வொருத்தர் வாய்க்குள்ளிருந்த சொத்தைப்பல் வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எங்கள் முகத்தில் மோதின. அய்யாத்துரை டெய்லர் தன் வாசல் சாக்கடையிலேயே குனிந்து வாந்தி எடுத்தார். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சண்டாளி, தெருவையே நாறடிச்சிட்டாளே" என்று அவளை ஏசினோம். நாறியது நாங்கள்தான் என்று யாரும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை. ஏசிக்கொண்டே ஒவ்வொருத்தராக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். அந்தச் செவலைப் பசு மட்டும் தெருவின் குறுக்கே ஓடி வந்து, கட்டாந்தரையில் கிடந்த கன்றை நக்கியது.

பொன்னுலிங்கம் போகவில்லை. கிழக்கே சாஸ்தா இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஜன்னலின் இரண்டு விரல் இடைவெளியில் வாயை வைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி சொன்னார்:

"ஏசிய ஒண்ணுல வை புஷ்பம். பிள்ளைக்குக் குளிரும்."

அவள் வைத்தாள். பிள்ளை ஒரு பக்கம் முடித்து மறுபக்கமும் குடித்து, வாயோரம் பால் வழியத் தூங்குகிறவரைக்கும் இருந்துவிட்டு, வெறும் வாளியோடு இறங்கினாள். பின்கட்டுக் குழாயடியில் வாளியை இரண்டு தடவை அலசிக் கவிழ்த்தாள். வெயில் ஏறுமுன் பாதியில் விட்டுவந்த சாளை மண்சட்டியில் கிடந்தது. உட்கார்ந்து, ஒரு பிடி கல்லுப்பை அள்ளிப்போட்டு, செதில் போக உரச ஆரம்பித்தாள்.